ஆறு மணி வரை திறந்திருக்கும்

அங்கயற்கண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுருளியாண்டி வந்து எதிரே உட்கார்ந்தார். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்.

“அம்மா, ஓட்டுப் போடுறது கடமையா, அவங்கவங்க இஷ்டமா?”

“உங்களுக்கு எதுவா இருந்தா வசதி, ஐயா?”

“வசதிக்குக் கேக்கல. நீங்க கடமைன்னு சொன்னாப் போடுறேன். இஷ்டம்னு சொன்னாப் பேசாம இருந்துக்குவேன்.”

“அப்போ போட்டாலும் போடாட்டாலும் என் தலையில.”

“குருன்னா அப்படித்தானே.”

அங்கயற்கண்ணி ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் போட்டார்.

கூத்தம்பாறை மலைமேல் இருக்கிறது. அங்கே எலுமிச்சை பயிரிடுகிற சில குடும்பங்களும், ஒரு சின்னப் பள்ளிக்கூடமும், அதை ஒட்டி இந்த மடமும் உண்டு. பழைய சாமியார் இருந்த காலத்தில் அங்கயற்கண்ணி மடத்தில் சமையலுக்கு வந்தவர். சாமியார் போன பிறகும் ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். கேட்டார்கள். அவரும் தெரிந்ததைச் சொன்னார். அப்படியே குருவாகிவிட்டார்.

சுருளியாண்டி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மலையேறி வந்தார். குருவுக்கு அவர் மகள் வயசுதான். அவருக்கு அது உறுத்தவில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் உறுத்தியது.

“நீங்க போடாம இருக்கிறதுக்கு ஏதோ காரணம் இருக்கு” என்றார் அங்கயற்கண்ணி.

“இருக்கு.”

“சொல்லுங்க.”

“அப்போ நான் கீழே டவுன்ல இருந்தேன். எலெக்சன் அன்னைக்கு டூட்டியை மாத்திக்கிட்டு, துவைச்ச சட்டை போட்டு, எங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். அவ போட்டுட்டு வந்துட்டா. என் பேரைப் பார்த்துட்டு, ‘உங்க ஓட்டுப் போட்டாச்சே’ன்னாங்க. யாருன்னேன். ‘நீங்கதான்’னாங்க. எனக்குப் பின்னால நின்னவன், ‘அண்ணனுக்கு வேலை மிச்சம்’னான். எல்லாரும் சிரிச்சாங்க. எங்க வீட்டம்மாவும் சிரிச்சா.”

“அவங்களுமா?”

“அவளுக்கு வெள்ளை மனசு. சிரிப்பு வந்தாச் சிரிச்சிருவா. நான் அங்கயே, அத்தனை பேர் முன்னாலயும், இனி ஓட்டுப் போடக் கையை நீட்டமாட்டேன்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் நீட்டல. இப்போ இந்த மலையிலயும் என் பேரைச் சேர்த்துவிட்டாங்க. பக்கத்துலயே பூத். அதனாலதான் கேக்கிறேன்.”

அங்கயற்கண்ணி முறத்தைத் தட்டிக் கீழே வைத்தார்.

“நாளைக்கு அடிவாரத்துல பூத் நடத்துறவங்க வந்து நிப்பாங்க. பாதை தெரியாது. போய்க் கூட்டிட்டு வாங்க.”

“நான் கேட்டதுக்கு…”

“காலையில சீக்கிரம் போங்க. வெயில் ஏறிட்டா கழுதை நடக்காது.”

*

அடிவாரத்தில் இரண்டு கழுதைகளோடு மொக்கைச்சாமி நின்றான். மலைக்குச் சாமான் ஏற்றுகிறவன் அவன். ஒரு கழுதை மேல் தண்ணீர் கேன், பாய், அட்டை மறைப்பு. இன்னொன்றின் மேல் ஓட்டு மெஷின் பெட்டிகள். கூட ஒரு போலீஸ்காரர், செல்லப்பாண்டி என்கிற எழுத்தர், அவர்களுக்கெல்லாம் அதிகாரியாக ஜெசிந்தா டீச்சர்.

டீச்சருக்கு ஐம்பதை ஒட்டிய வயசு. இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டியிருந்தார். மலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

“எவ்வளவு தூரம் சார்?”

“இந்த வளைவு தாண்டினா வந்துரும்” என்றார் சுருளியாண்டி.

அந்த வளைவைத் தாண்டினார்கள். இன்னொரு வளைவு வந்தது.

“இன்னும் எவ்வளவு சார்?”

“இந்த வளைவு தாண்டினா…”

“கண்டக்டரா இருந்தவரு டீச்சர்” என்றான் மொக்கைச்சாமி. “உள்ள இடம் இருக்கு, ஏறு ஏறுன்னே சொல்லிப் பழகிட்டாரு.”

டீச்சர் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சுருளியாண்டிக்கும் கொடுத்தார்.

“நீங்க யாரு மடத்துல? சாமியாரா?”

“சீடன்.”

“குரு யாரு?”

“ஒரு அம்மா.”

“இவரு மக வயசு இருக்கும் டீச்சர்” என்றான் மொக்கைச்சாமி. “கால்ல விழுந்து கும்பிடுவீகளாண்ணே?”

“விழ விடமாட்டாங்க. முதுகு பிடிச்சுக்கும்னு திட்டுவாங்க.”

பாதி வழியில் ஓடை. மழையில்லாத காலத்திலும் அதில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். மெஷின் சுமந்த கழுதை கரையில் நின்றுவிட்டது. மொக்கைச்சாமி கெஞ்சினான், திட்டினான், கடைசியில் அதன் காதில் ஏதோ சொன்னான். அது அசையவில்லை.

பெட்டிகளை இறக்கினார்கள். போலீஸ்காரரும் செல்லப்பாண்டியும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். டீச்சரும் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“குடுங்கம்மா, நான் தூக்கிறேன். உங்களுக்குக் கால் வலி.”

“இல்ல சார். இது வேற கைக்குப் போகக் கூடாது. என் பையை வேணாப் பிடிங்க.”

சுருளியாண்டி பையை வாங்கிக்கொண்டார். பை முழுக்கத் தைல வாசனை.

நடு ஓடையில் டீச்சரின் கால் வழுக்கியது. முழங்கால் பாறையில் இடித்தது. விழுந்தபோதே பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அப்படியே தண்ணீரில் மண்டியிட்டு நின்றார். மற்றவர்கள் ஓடிவந்து கைகொடுத்தார்கள்.

கரையேறியதும் அவர் பெட்டியைத்தான் முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது நனையவில்லை. அதற்குப் பிறகுதான் சேலையை விலக்கிப் பட்டையை இறக்கி முழங்காலைப் பார்த்தார். ரத்தம் வந்திருந்தது.

“எதுக்கும்மா இந்தப் பாடு?” என்றார் சுருளியாண்டி. “மேல இருக்கிறது ஒரு கைப்பிடி சனம்.”

“கைப்பிடி சனத்துக்கும் பூத் உண்டே சார். உங்களுக்கும் இங்கதானா ஓட்டு?”

“பேரு இருக்கு. ஆனாப் போடமாட்டேன்.”

“சரி சார்.”

ஏன் என்று கேட்பார் என்று சுருளியாண்டி எதிர்பார்த்தார். டீச்சர் கேட்கவில்லை. கைக்குட்டையால் முழங்காலைக் கட்டிக்கொண்டு எழுந்தார். சுருளியாண்டிக்கு அது என்னவோ போலிருந்தது. வாயில் வைத்திருந்த பதிலெல்லாம் வீணாகிவிட்டது.

மடத்துக்கு வந்து சேர்ந்ததும் அங்கயற்கண்ணி டீச்சரின் காலைப் பார்த்தார். மஞ்சளும் வெந்நீரும் கொண்டுவந்தார்.

“சாப்பாடு ஆக்கி வச்சிருக்கேன்” என்றார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. எலெக்சன் டூட்டியில யார் வீட்லயும் சாப்பிடக் கூடாது. அரிசி கொண்டுவந்திருக்கோம். அடுப்பு மட்டும் குடுங்க.”

“விறகு?”

டீச்சர் யோசித்தார்.

“விறகைப் பத்தி உத்தரவுல ஒண்ணும் சொல்லல.”

“அப்போ விறகு என்னுது” என்றார் அங்கயற்கண்ணி.

*

மறுநாள் விடிந்ததும் சுருளியாண்டி ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். குரு கொடுக்கச் சொல்லியிருந்தார். உள்ளே மெஷின் பெட்டிகளை இணைத்து வைத்துச் செல்லப்பாண்டி எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் பின்பக்கம் முகம் கழுவப் போயிருந்தார்.

“பெரியவரே, நல்ல நேரத்துல வந்தீங்க. இதுல ஏதாவது ஒரு பட்டனை அமுக்குங்க. மெஷின் ஓடுதான்னு பார்ப்போம்.”

ஒரு கையில் குடம் இருந்தது. இன்னொரு கையால் சுருளியாண்டி கிட்டத்தில் இருந்த பட்டனை அமுக்கினார். பஸ்ஸில் மணிக்கயிற்றை இழுத்துப் பழகிய கை. சொன்னதும் செய்துவிட்டது.

மெஷின் நீளமாகக் கூவியது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு வந்து நின்றது. பிறகு கீழே விழுந்தது.

சுருளியாண்டி குடத்தை அங்கேயே வைத்துவிட்டு மடத்துக்கு ஓடிவந்தார்.

“அம்மா, போச்சு. இத்தனை வருசம் காப்பாத்தினது போச்சு.”

“என்ன போச்சு?”

“கை நீட்டிட்டேன். ஓட்டுப் போட்டுட்டேன்.”

“யாருக்கு?”

“யாருக்கோ. கிட்டத்துல எது இருந்துச்சோ அதுக்கு.”

அங்கயற்கண்ணி பால் கறந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“போனது போச்சு. மாட்டுக்குத் தண்ணி வைங்க.”

அவரால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க முடியவில்லை. திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாசலில் டீச்சர் செல்லப்பாண்டியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“வெளியாளை எப்படி சார் தொட விடலாம்? நம்மளே செய்ய வேண்டியதுதானே.” பிறகு சுருளியாண்டியைப் பார்த்தார். “பயந்துட்டீங்களா சார்? அது வெள்ளோட்டம். நிஜ ஓட்டு இல்ல. நாங்க எல்லாரும் அமுக்கிப் பார்த்தோம். எண்ணிப் பார்த்தோம். எல்லாத்தையும் அழிச்சுட்டோம். சீட்டையும் எடுத்துத் தனியாக் கட்டி சீல் வச்சாச்சு.”

“என்னுதையும் அழிச்சுட்டீங்களா?”

“அழிச்சுட்டோம் சார். கவலையே படாதீங்க.”

அவர் நிம்மதி அடைவார் என்று டீச்சர் நினைத்தார். சுருளியாண்டியின் முகம் சுருங்கிப்போனது.

மடத்துக்குத் திரும்பி வந்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அழிச்சுட்டாங்களாம்.”

“நல்லதாப் போச்சு.”

“அன்னைக்கு என் ஓட்டை வேற எவனோ போட்டான். இன்னைக்கு நான் போட்டதை இவங்க அழிச்சுட்டாங்க. என்னைப் பார்த்தா என்னன்னு நினைக்கிறாங்க?”

அங்கயற்கண்ணி பால் செம்பைக் கீழே வைத்தார்.

“கொஞ்சம் முன்னால, போட்டுட்டேன்னு தலையில கை வச்சுக்கிட்டு வந்தீங்க. இப்போ, போடலைன்னு ஆயிருச்சேன்னு வந்து உட்கார்ந்திருக்கீங்க. உங்களுக்கு எதுதான் வேணும் ஐயா?”

சுருளியாண்டி கேட்காதது போல மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

*

ஜனங்கள் வந்தார்கள். எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் முதலில் வந்தார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அங்கயற்கண்ணியும் தலையை முடிந்துகொண்டு போய்விட்டு வந்தார்.

“நீங்க எதுக்குப் போட்டீங்க?” என்றார் சுருளியாண்டி. “கடமைன்னா?”

“என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. போனேன்.”

மத்தியானத்துக்குள் எல்லாரும் வந்துபோய்விட்டார்கள். பாக்கி இரண்டே பேர். ஒருவர் சுருளியாண்டி. இன்னொருவர் ஒச்சம்மா.

ஒச்சம்மா பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு. வாசலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தண்ணீர் பிடிக்க வந்தபோது அவளே சொன்னாள்.

“நான் வரலை டீச்சரம்மா. போன தடவை ரோடு வருதுன்னாங்க. ரோடு வரல. உடம்பு முடியாமக் கிடந்த எங்க வீட்டுக்காரரைக் கம்புல தொட்டில் கட்டித்தான் தூக்கிட்டு இறங்கினோம். வழியிலயே போயிட்டாரு. என் ஓட்டு யாருக்கும் கிடையாது. கோவிச்சுக்காதீங்க.”

“கோவம் எதுக்கும்மா. அது உங்க விருப்பம்.” டீச்சர் கொஞ்சம் நின்றார். “தொட்டில்லயா தூக்கிட்டுப் போனீங்க? அந்த ஓடை வழியாவா?”

“அந்த ஓடை வழியாத்தான்.”

டீச்சர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவரும் எலுமிச்சம்பழத்தைப் பிரித்துப் போட்டார். அழுகினதைத் தப்பாக நல்லதில் போட்டார். ஒச்சம்மா எடுத்து மாற்றிவைத்தாள்.

பிறகு டீச்சர் எழுந்து மடத்துக்குப் பின்னால் இருக்கிற பெரிய பாறைக்குப் போனார். அங்கே ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். வாசலில் போலீஸ்காரரையும் உள்ளே செல்லப்பாண்டியையும் விட்டுவிட்டு அவசரமாகப் போனவர், அவசரமாகத் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

வழியில் சுருளியாண்டி நின்றார்.

“என்னம்மா?”

“மகளுக்கு வலி எடுத்துருச்சாம் சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. முதல் பிரசவம். அவங்கப்பா மட்டுந்தான் கூட இருக்காரு. அவருக்கு ஊசி போடுறதைப் பார்த்தாலே மயக்கம் வரும்.”

“இந்த நேரத்துலயா டூட்டிக்கு வந்தீங்க? சொல்லிப் பார்க்கலையா?”

“சொன்னேன். பிரசவம் உங்களுக்கா, உங்க மகளுக்குத்தானேன்னாங்க.”

சுருளியாண்டி பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்தார். வாசல் வெறிச்சென்று இருந்தது.

“எல்லாரும்தான் போட்டாச்சே. கட்டிக்கிட்டுக் கிளம்புங்க. இப்போ இறங்கினா இருட்டுக்கு முன்னால பஸ்ஸைப் பிடிச்சிரலாம்.”

“ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கணும் சார்.”

“யாருக்கு?”

“நீங்க ரெண்டு பேர் இருக்கீங்களே.”

“நாங்கதான் வரலையே.”

“இப்போ வரலை. அஞ்சரை மணிக்கு மனசு மாறினா?”

“மாறாது.”

“மாறாட்டாலும் திறந்துதான் இருக்கணும்.”

“எழுதித் தர்றேன்மா. சுருளியாண்டியாகிய நான் வரமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நீங்க போய் மகளைப் பாருங்க.”

டீச்சர் தலையை ஆட்டினார்.

“அப்படி எழுதி வாங்க எனக்கு உரிமை இல்ல சார். நீங்களே மனசு வந்து குடுத்தாலும் அதை உங்ககிட்ட இருந்து நான் வாங்க முடியாது.”

சுருளியாண்டிக்குக் கோபம் வந்தது. எதன் மேல் என்று தெரியவில்லை.

“அன்னைக்கு மட்டும் வாங்கிட்டீங்களே” என்றார்.

“என்னைக்கு சார்?”

அவர் சொன்னார். டூட்டி மாற்றியதை, துவைத்த சட்டையை, பின்னால் நின்றவன் சொன்னதை, மனைவி சிரித்ததை. பாதையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் நடுவில் பேசாமல் கேட்டார். மகளை நினைத்துப் போனைக் கையில் பிடித்திருந்தவர், அதைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்த மாதிரி ஆயிட்டா, நீங்க கேட்டா ஓட்டுப் போட வேற சீட்டு குடுப்பாங்க சார். யாரும் சொல்லலையா?”

“சொல்லல. போங்கன்னாங்க.”

“சொல்லியிருக்கணும்.” டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். “மன்னிச்சுக்கங்க சார்.”

“நீங்க எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கிறீங்க? அன்னைக்கு நீங்களா இருந்தீங்க?”

“இல்ல. ஆனா அந்த நாற்காலியில இன்னைக்கு நான்தானே உட்கார்ந்திருக்கேன்.”

சுருளியாண்டி வேறு பக்கம் பார்த்தார்.

“காலையில நீங்க அமுக்கினது வெள்ளோட்டம்” என்றார் டீச்சர். “உங்களுது இன்னும் அப்படியே இருக்கு. யாரும் தொடல. தொட விடமாட்டேன்.”

சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

*

சுருளியாண்டி மடத்து வாசலில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்து வாசல் தெரியும். டீச்சர் முழங்காலை நீவிக்கொண்டிருப்பதும் தெரியும். செல்லப்பாண்டி கொட்டாவி விட்டார். மொக்கைச்சாமி கழுதைகளுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். ஒருமுறை டீச்சர் எழுந்து வாசல் வரை வந்து பாறைப் பக்கம் பார்த்தார். போகவில்லை. உள்ளே போய்விட்டார்.

அங்கயற்கண்ணி வந்து பக்கத்தில் நின்றார்.

“டீ போட்டிருக்கேன். குடிக்க வாங்க.”

“அவங்க உட்கார்ந்திருக்காங்கம்மா.”

“பார்த்தேன்.”

“எனக்காக உட்கார்ந்திருக்காங்க.”

“ஒச்சம்மாவுக்காகவும்தான்.”

“ஒச்சம்மா வராம இருக்கிறது தப்பாம்மா?”

“ஒச்சம்மா விசயத்தை ஒச்சம்மா பார்த்துக்குவா. டீ ஆறுது.”

சுருளியாண்டி டீ குடிக்கப் போகவில்லை. உள்ளே போனார். வெளியே வந்தபோது துவைத்த சட்டை போட்டிருந்தார். காலர் மடங்கியிருந்தது. அங்கயற்கண்ணி அதைச் சரிசெய்துவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

வெயில் சாய்ந்திருந்தது. ஒச்சம்மா வாசலில் இருந்து பார்த்தாள்.

“என்ன அண்ணே, சபதம் என்னாச்சு?”

“அது கீழ டவுன்ல விட்டது. அங்கயே கிடக்கட்டும்.”

“மாப்பிள்ளை கணக்கா கிளம்பிட்டீக.”

“உனக்கு எதிர்வீடு. நீ நைட்டியோடவே வரலாம்.”

“நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

அவர் பள்ளிக்கூடத்துப் படியேறினார். டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்லப்பாண்டி கொட்டாவியை அடக்கிக்கொண்டார். சுருளியாண்டியின் பெயரை உரக்கப் படித்தார். உள்ளே கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. ஆனாலும் உரக்கத்தான் படித்தார்.

சுருளியாண்டி, தகப்பனார் பெயர் கருத்தமாயன், அவர் பெருமாயி மகன், என்று அவரும் சொன்னார். கேட்டதற்கு மேலேயே சொன்னார்.

விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். வெகுநேரம் சத்தம் வரவில்லை. டீச்சர் எட்டிப் பார்க்கவில்லை. மற்றவர்களையும் பார்க்க விடவில்லை. எல்லாரும் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

மெஷின் கூவியது.

சுருளியாண்டி வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. டீச்சருக்கு நேராக நின்று இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

டீச்சர் எழுந்து நிற்கப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. உட்கார்ந்தபடியே அவரும் கும்பிட்டார்.

“இப்பவாவது கிளம்பலாமாம்மா?”

“இன்னும் மணி இருக்கு சார். ஒச்சம்மா இருக்காங்களே.”

ஆறு மணி ஆனது. ஒச்சம்மா வரவில்லை. டீச்சர் வாசலுக்கு வந்து, “கடைசி நேரம், யாராவது இருக்கீங்களா” என்று வெறும் தெருவைப் பார்த்துக் கேட்டார். ஒச்சம்மா வீட்டுக்குள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் டீச்சர் உள்ளே போனார். மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி ஒவ்வொரு பெட்டியாக சீல் வைத்தார்.

“தள்ளி நில்லுங்க சார், சட்டையில தெறிச்சிரும்” என்றார் சுருளியாண்டியிடம். “நல்ல சட்டை.”

முடிந்த கையோடு பாறைக்குப் போனார். சுருளியாண்டி கைவிளக்கோடு கூடப் போனார். போன் நீண்ட நேரம் அடித்தது. டீச்சர் காதில் வைத்தபடியே பாறையில் உட்கார்ந்தார். கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

“பொம்பளைப் பிள்ளை சார்” என்றார் கடைசியில். “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அவங்கப்பாவுக்குத்தான் மயக்கமாம். பக்கத்துக் கட்டில்ல படுக்க வச்சிருக்காங்க.”

சுருளியாண்டி சிரித்தார். டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

*

காலையில் சுருளியாண்டியும் அங்கயற்கண்ணியும் ஓடை வரை போய் அவர்களை வழியனுப்பினார்கள். இறங்குகிற வழி என்பதாலோ என்னவோ கழுதை இந்த முறை தகராறு செய்யவில்லை. தண்ணீருக்குள் தானாக இறங்கியது. டீச்சர் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கடந்தார். அக்கரையில் நின்று கையை ஆட்டினார். வளைவில் மறைந்தார்.

இரண்டு பேரும் திரும்பி ஏறினார்கள்.

“அம்மா, நான் கேட்டது அப்படியே நிக்குதே.”

“எது?”

“கடமையா, இஷ்டமான்னு கேட்டேனே.”

அங்கயற்கண்ணி ஒரு பாறையில் கையூன்றி நின்று மூச்சு வாங்கினார்.

“நேத்துப் போட்டுட்டு வெளியே வந்து என்ன செஞ்சீங்க?”

“டீச்சரம்மாவைக் கும்பிட்டேன்.”

“கடமையை முடிச்சவங்க யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்ல. தன் இஷ்டத்துக்குச் செய்யறவங்களும் யாரையும் கும்பிடமாட்டாங்க. நீங்க எதுக்கு ஐயா கும்பிட்டீங்க?”

“எனக்காகத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்களேம்மா” என்றார் சுருளியாண்டி. பிறகு திரும்பி, அவர்கள் இறங்கிப்போன வளைவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.